படத்திருத்தச் செயலியின் பிளர், நிறத்தேர்வுக் கருவிகளில் உள்ள குறைகள் குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் செயலியின் ஆண்டுச் சந்தாதாரர்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புதிய பதிப்பில் மாஸ்க் வசதி நீக்கப்பட்டதும், பிளர் மற்றும் நிறத்தேர்வுக் கருவிகள் பிழையாக இயங்குவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் படத்திருத்தச் செயலியை மூன்று ஆண்டுகளாகச் சந்தா செலுத்திப் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் வந்த பதிப்பில், பின்னணியை மங்கலாக்கும் கருவியும், ஒரு நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கும் கருவியும் ஒரே தொடுதலில் இயங்கும்படி மாற்றப்பட்டுள்ளன. அத்துடன், அவற்றுக்கு அடிப்படையாக இருந்த லேயர் மாஸ்க்கையும், அதாவது ஒரு லேயரின் (பட அடுக்கின்) எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதைத் தூரிகையால் தீட்டி முடிவுசெய்யும் வசதியையும், எடுத்துவிட்டீர்கள். இதுவே என் முதன்மையான புகார்.

மழை விட்ட நேரத்தில் சிவப்புக் குடையுடன் நின்ற என் மகளை எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு மாட்ட விரும்பினேன். பின்னணி மங்கியும், குடை மட்டும் சிவப்பாகவும் இருக்க வேண்டும். பழைய பதிப்பில் இது கால் மணி நேர வேலை. லேயரைப் பிரதி எடுத்து, மேல் லேயருக்கு காசியன் பிளர் எனும் சீரான மங்கலைக் கொடுத்து, அதன் மாஸ்க்கில் உருவத்தின் மேல் கறுப்புத் தூரிகையால் தீட்டினால் அவ்விடத்து மங்கல் மறைந்து அடியிலுள்ள தெளிவான உருவம் வெளிப்படும். கை தவறினால் வெள்ளையால் தீட்டிச் சரிசெய்துகொள்ளலாம். மூலப்படத்தில் ஒரு பிக்சல்கூட (படப்புள்ளிகூட) கெடாது.

அதே படத்தைப் புதிய கருவியில் கொடுத்தபோது, காற்றில் பறந்த முடியிழைகள் காதோரத்தோடு வெட்டுப்பட்டுப் போயின. குடையைப் பிடித்த கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் சிறிய சுவர்த்துண்டு மட்டும் மங்காமல் அப்படியே நின்றது. குடையின் விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு வளையமும் படர்ந்திருந்தது. பிளர் என்பது ஒவ்வொரு பிக்சலையும் அண்டை பிக்சல்களோடு கலந்து சராசரியாக்குவது. ஆகவே, உருவத்தை அகற்றாமல் முழுப்படத்தையும் மங்கலாக்கினால் ஓரத்து நிறம் பின்னணிக்குள் கசியத்தான் செய்யும். உருவம் இருந்த இடத்தைச் சுற்றுப்புற நிறத்தால் நிரப்பிய பிறகே மங்கலாக்க வேண்டும் என்ற அடிப்படை முறையைத் தங்கள் கருவி பின்பற்றவில்லை. தரையும் அப்படியே. கால் ஊன்றிய இடம் தெளிவாக இருந்து, பின்னே போகப் போகப் படிப்படியாக மங்கினால்தான் ஆள் தரையில் நிற்பதாகத் தோன்றும். தங்கள் கருவி பாதம் முடிந்த இடத்திலேயே முழு மங்கலைத் தொடங்கிவிடுவதால், என் மகள் வெட்டி ஒட்டப்பட்டவளைப் போல் அந்தரத்தில் நிற்கிறாள்.

நிறத்தேர்வுக் கருவியின் பிழை இதைவிட வருத்தமளிப்பது. நிறச்சக்கரம் 0 முதல் 360 பாகை வரையிலானது. சிவப்பு அதன் இரு முனைகளும் சேரும் இடத்தில் இருப்பதால், 0-ஐ ஒட்டி அடுத்து உள்ளதோடு 360-ஐ ஒட்டி முன்னால் உள்ளதையும் சேர்த்தே சிவப்பாகக் கொள்ள வேண்டும். தங்கள் கருவி ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாகவே தோன்றுகிறது: குடையின் வெயில்பட்ட பாதி சிவப்பாகவும், சற்றே ஊதா கலந்த நிழல்பாதி சாம்பலாகவும் நடுவில் கோடு கிழித்தாற்போல் பிரிந்துவிட்டன. தோலின் நிறமோ சிவப்பை அடுத்த ஆரஞ்சுப் பகுதியில் அமைவது என்பதால், உதடும் கன்னமும் நிறத்தோடு தங்கிவிட்டன. நிறத்தை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தால் இத்தகைய கலப்பு நேர்வது இயல்புதான். அதனால்தான் மாஸ்க் தேவைப்படுகிறது. முகத்தின்மேல் ஒருமுறை தூரிகையை ஓட்டினால் தீர்ந்துவிடும் குறை இது. இப்போது அதற்கு வழியே இல்லை.

முன்னோட்டத்தில் பார்த்த மங்கல் சேமித்த படத்தில் வரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1000 பிக்சல் அகலமுள்ள முன்னோட்டத்துக்குக் கொடுத்த 20 பிக்சல் ஆரத்தை (எவ்வளவு தூரத்துப் பிக்சல்கள் வரை கலக்க வேண்டும் என்ற அளவை), 4000 பிக்சல் அகலமுள்ள மூலப்படத்துக்கும் மாற்றாமல் அப்படியே பயன்படுத்தினால், மங்கல் கால்பங்காகவே தெரியும். அச்சிட்டுப் பார்த்த பிறகே இதை உணர்ந்தேன்.

இவற்றை முன்பே தெரிவித்தபோது, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுமாறு மட்டுமே பதில் வந்தது. அப்படியே செய்தேன், எந்த மாற்றமும் இல்லை. புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரே தொடுதல் வசதி உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், கருவி தவறும்போது திருத்திக்கொள்ளும் உரிமை பயன்படுத்துபவரின் கையில் இருக்க வேண்டும்.

எனவே, இரு கருவிகளிலும் லேயர் மாஸ்க்கை மீண்டும் சேர்த்து, சிவப்பு நிற எல்லையையும் முன்னோட்ட அளவையும் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பழைய பதிப்பைத் தரவிறக்க அனுமதி வேண்டும்; இரண்டும் இயலாதெனில், எஞ்சிய மாதங்களுக்கான சந்தாத் தொகையைத் திருப்பித் தர வேண்டுகிறேன். மூலப்படமும், தங்கள் கருவியில் கிடைத்த படமும், பழைய பதிப்பில் நான் திருத்திய வேறொரு படமும் ஒப்பீட்டுக்காக இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்தாதாரர்