ஒரே வாரத்தில் மங்கு மறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு மகளிர் பக்கத்தில், தேசிக்காய்ப் புளியில் அப்பச்சோடா கலந்து பூசினால் முகத்துக் கருமை ஒரே வாரத்தில் மறையும் என்று போட்டிருந்தீர்கள். தேசிக்காய்ப் புளி பட்ட தோலில் வெயில் விழுந்தால் பொசுங்கிக் கொப்பளிக்கும், ஆறின பிறகு அந்த இடம் முன்பைவிடக் கறுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காலி வீதியில் உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் வாசிக்கிற பக்கம் ஐயா அது.

என் தங்கச்சி கர்ப்பமாக இருந்தபோது இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. பிள்ளை பிறந்த பிறகும் போகவில்லை. கடையொன்றில் லேபல் இல்லாத சின்ன டப்பியில் கிரீம் கொடுத்தார்கள். பூசத் தொடங்கியதும் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, சொந்தக்காரர்கள்கூட என்ன கிரீம் என்று விசாரித்தார்கள். நிறுத்தினதும்தான் வினை. எரிச்சல், பரு, கன்னத்துத் தோல் மெலிந்து சிவப்பு நூல் ஓடினதுபோல நரம்பு தெரிந்தது. தோல் டொக்டர் பார்த்த உடனேயே அது ஸ்டீரொயிட் மருந்து கலந்த கிரீம் என்று சொல்லிவிட்டார். இப்படி விற்கிற கிரீம்கள் சிலதில் பாதரசமும் இருக்கிறது, அது சிறுநீரகத்தையே பாதிக்கும். பாதரசம் சேர்த்த அழகுக் கிரீம்களை 2020க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றி இறக்கவோ கூடாது என்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை சொல்லியும் அவை கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டீர்களா?

எல்லாக் கருமையும் ஒன்றல்ல. பரு ஆறின இடத்துக் கறுப்பு மாதக்கணக்கில் மெல்ல மங்கும். மங்கு ஹோர்மோனாலும் வெயிலாலும் வருவது, குறைந்தாலும் திரும்ப வரும். பின்கழுத்து தடித்துக் கறுத்தால் தேய்த்துக் கழுவிப் பயனில்லை, சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தத்தைத்தான் சோதிக்க வேண்டும். மங்குக்கு முதல் மருந்தே சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே நம்மைப் போன்ற மாநிறத் தோலைக் கறுக்கச் செய்வதால், இரும்பு ஒக்சைட் சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கருமையைக் குறைக்கிற ஹைட்ரோகுவினோன் மருந்தை டொக்டர் சொன்ன காலத்துக்கு மட்டும் பூசலாம், கர்ப்பகாலத்தில் வேண்டாம். லேசர் சிகிச்சை பிழையாகப் போனால் கருமை கூடும்.

இதையெல்லாம் எழுத இடமில்லை என்பீர்கள். அதே பக்கத்தின் பாதியில் வெள்ளையாக்கும் கிரீம் விளம்பரம் இருந்தது, அடுத்த பக்கத்தில் "சிவந்த நிற மணமகள் தேவை" வரிசையாக. இந்த வரிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் அந்த டப்பியைத் தேடிப் போகிறார்கள். போன வருடமும் இது பற்றி எழுதினேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. பரவாயில்லை.

இந்த ஞாயிறு அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், தேசிக்காய்க் குறிப்பு தவறு என்று போடுங்கள். இனி வரும் அழகுக் குறிப்புகளை அச்சுக்குப் போகுமுன் ஒரு தோல் டொக்டரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, வெள்ளவத்தை