பவானிசாகர் அணைக்குள்ள போன ஊருகளோட ஜனங்க பேரைப் பதிவு பண்ணக் கோரி மனு

அனுப்புநர்: டணாயக்கன்கோட்டை பகுதியில ஊரை விட்டு வந்த குடும்பங்களோட பேரன் பேத்திங்க

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், ஈரோடு

மதிப்புக்குரிய கலெக்டர் அவர்களுக்கு வணக்கமுங்க.

1948ல வேலை ஆரம்பிச்சு 1955ல முடிஞ்ச அணைங்க இது. டணாயக்கன்கோட்டையும் அதைச் சுத்தி பவானி, மோயாத்துக் கரையில இருந்த ஊருகளும் இதுக்குள்ளதான் போச்சு. கீழ்பவானி வாய்க்கால்ல 2,07,000 ஏக்கர் பாயுதுன்னு கணக்கு இருக்குது, ஆனா அந்தத் தண்ணிக்காக வீட்டையும் தோட்டத்தையும் விட்டவங்க எத்தனை குடும்பம், எந்த ஊர்க்காரங்க எங்க போய் குடியேறுனாங்கன்னு ஒரு பட்டியல் எங்க கண்ணுல பட்டதே இல்லீங்க.

தண்ணி ரொம்ப வத்துற கோடைல மாதவப்பெருமாள் கோயில் மண்டபம் வெளிய தெரியும், உடனே டிவிக்காரங்க வருவாங்க, ஒய்சள தண்டநாயக்கர் காலத்துதுன்னு சொல்லுவாங்க, எங்களுக்கும் பெருமைதானுங்க, ஆனா அந்தக் கோயில்ல நோம்பி சாட்டுன ஜனங்களைப் பத்தி ஒரு வார்த்தை வராது.

எங்க அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிருச்சு. எந்த வீதில யாரு வீடு, எந்தக் கெணத்துல நல்ல தண்ணி, ஊர் கலைஞ்சப்ப யாரு எந்தப் பக்கம் வண்டி கட்டிட்டுப் போனாங்கன்னு இன்னும் வரிசையா சொல்றாங்க. இப்படி வெவரம் தெரிஞ்சவங்க வருசா வருசம் கொறஞ்சுட்டே வர்றாங்க, அதனாலதான் அவசரமா கேக்கறோமுங்க.

அப்ப இது கோயம்புத்தூர் ஜில்லா, ஈரோடு தனி மாவட்டமானது 1979லதான். அதனால நிலம் எடுத்த பழைய ஃபைல் எங்க இருக்குதுன்னு ஒரு ஆபீஸ்ல கேட்டா இன்னொரு ஆபீஸைக் கை காட்டறாங்க. கோவை ஆவணக் காப்பறைக்கு உங்க ஆபீஸ்ல இருந்தே லெட்டர் போட்டு அந்த நஷ்டஈட்டு ரெக்கார்டையும் பழைய சர்வே மேப்பையும் எடுத்து ஸ்கேன் பண்ணித் தரணுமுங்க.

ஆனா அந்த ஃபைல்ல பட்டாதாரர் பேருதான் இருக்கும். பண்ணையத்துல கூலிக்கு இருந்தவங்க, துணி வெளுத்தவங்க, பரிசல் ஓட்டுனவங்க, சொந்தமா ஒரு செண்டு நிலம் கூட இல்லாதவங்க பேரெல்லாம் அதுல வராது, ஊரு போனது அவங்களுக்கும்தானே. அணை முடியறதுக்கு முன்னாடியே 1951-52ல மொத பொதுத்தேர்தல் நடந்துருச்சு, நிலம் இருந்தாலும் இல்லாட்டியும் 21 வயசானா ஓட்டு உண்டு, அந்த வாக்காளர் பட்டியல் கெடைச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, தயவு செஞ்சு அதையும் தேடச் சொல்லுங்க.

இருக்கற பெரியவங்க சொல்றதை வீடு வீடா போய் ரெக்கார்ட் பண்ண ஒரு டீம் போடுங்க, காலேஜ் பசங்க போதும், கூட நாங்களும் வர்றோம். அடுத்து எப்ப தண்ணி வத்துனாலும் நீர்வளத்துறை, வனத்துறை, தொல்லியல் துறை மூணு பேரும் சேர்ந்து கோயிலை மட்டும் பாக்காம வீட்டு அஸ்திவாரம், கெணறு, சுடுகாடு இருந்த எடத்தையும் அளந்து மேப்புல ஏத்தணும், அப்ப எங்க பெரியவங்களைப் பத்திரமா பரிசல்ல கூட்டிட்டுப் போக அனுமதி வேணுமுங்க.

இதுக்குன்னு ஒரு அதிகாரியைப் போட்டு, அவரு பேரையும் நாங்க எப்ப வந்து பாக்கலாம்ங்கறதையும் எழுத்துல தெரிவிக்கணும்னு கேட்டுக்கறோமுங்க.

இப்படிக்கு,
கையெழுத்து போட்டிருக்கற குடும்பத்தார்