செயலாளரின் ஆண்டறிக்கை: சைலன்சருக்கு முன் ஏர் ஃபில்டர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

காட்டுப்பாதை ஓட்டத்துக்கு வரும் எவரும் புதிதாக எதையும் வாங்கிப் பூட்டுவதற்கு முன், தமது நான்கு சக்கரக் காட்டுவண்டியான ஏ.டி.வி.யைச் சங்கப் பட்டறையில் ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். தீர்மானத்தை வாசித்தபோது பின்வரிசையில் சிரிப்பொலி கேட்டது குறிப்பேட்டில் இல்லை. என் நினைவில் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தால் என்ன விளைந்தது என்பதையே இந்த அறிக்கையில் அதிகம் சொல்லப் போகிறேன். கூட்ட வருகை, புதிய உறுப்பினர் சேர்க்கை, கோடைகால ஒன்றுகூடல் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. விவரங்கள் பதிவேட்டில் உள்ளன.

நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் கைமாறி வந்த வண்டிகள். ஹோண்டா 400 இ.எக்ஸ்., அதைவிடப் பழைய ஃபோர்டிராக்ஸ் 300, சில போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500. விற்றவர் "எல்லாம் சரி" என்று சொல்லியிருப்பார். அவர் வால்வு மூடியைக் கடைசியாக எப்போது திறந்தார் என்று நாம் யாரும் கேட்டிருக்க மாட்டோம். மேட்டில் வண்டி திணறினால் உடனே பெரிய சைலன்சர், பெரிய டயர் என்று மனம் போகிறது. பட்டறையில் கண்டது வேறு. திணறிய வண்டிகளுள் பெரும்பாலானவை தொழிற்சாலை கொடுத்த சக்தியையே முழுதாக வெளிப்படுத்தவில்லை. வாங்கிச் சேர்ப்பதற்கு முன் இழந்ததை மீட்க வேண்டியிருந்தது.

முதல் குற்றவாளி மணல். நாம் அதிகம் போகும், ஒன்டாரியோவின் கனராஸ்கா காடு, பனியாறுகள் விட்டுச்சென்ற ஓக் ரிட்ஜஸ் மொரேன் மேட்டின்மீது இருக்கிறது. மரங்கள் அழிந்து மணல் பறந்துகொண்டிருந்த நிலத்தில் பைன் நட்டு மீட்ட காடு அது. வறண்ட ஆகஸ்டில் முன்வண்டி கிளப்பும் புழுதி, பின்வண்டியின் ஃபில்டருக்குத்தான் போய்ச் சேர்கிறது. நுரை ஃபில்டரை மண்ணெண்ணெய் அல்லது சோப்பு நீரில் கழுவி, முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையால் அழுத்தி நீரை எடுத்து, நன்றாக உலர்த்தி, அதற்கென்று விற்கும் ஃபில்டர் ஆயிலைத் தடவி, நிறம் எங்கும் ஒரே சீராக வரும்வரை பிசைய வேண்டும். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப்பசை இளகி விளிம்பு பிரிந்துவிடும். விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் பூசிப் பொருத்த வேண்டும். மணல் புகுவது பெரும்பாலும் நுரை வழியாக அல்ல, அந்த விளிம்பு வழியாகத்தான். ஆயில் பூசாத உலர் நுரையோடு மணலில் ஓட்டுவது பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும் வேலை.

அடுத்தது வால்வு இடைவெளி, அதாவது மூடியிருக்கும் வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி. மார்க்கம் நகர உறுப்பினர் ஒருவரின் 400 இ.எக்ஸ். காலையில் பலமுறை முயன்றால்தான் கிளம்பும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அவர் பல நூறு டாலர் விலையுள்ள சைலன்சர் ஒன்றுக்கு முன்பணம் கட்டும் நிலையில் இருந்தார். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது மூடிகளைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, க்ராங்கைத் திருப்பி, பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் நிற்கும்படி குறியை நிறுத்திப் பார்த்தோம். அந்த எஞ்சினுக்கு உள்ளிழுக்கும் வால்வில் 0.10 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வில் 0.12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெளியேற்றும் வால்வு ஒன்றில், இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடுகளில் மிக மெல்லியதுகூட நுழையவில்லை. அப்படி இறுகிய வால்வு, மூடும்போது தான் அமர வேண்டிய இருக்கை வளையத்தில் முழுமையாக உட்காராது, அமுக்கம் கசியும். வால்வு தன் சூட்டை இருக்கைக்கு இறக்கிவைக்க முடியாமல் நாளடைவில் எரிந்தும்போகும். திருகைத் தளர்த்தி, தகடு லேசான இழுவையோடு நகரும்படி வைத்து, பூட்டுமரையை இறுக்கியபின் மறுபடி அளந்தோம். இறுக்கும்போது திருகும் சேர்ந்து திரும்பிவிடும் என்பதால் இந்த இரண்டாம் அளவைத் தவிர்க்கவே கூடாது. வண்டி அன்றே ஒழுங்காகக் கிளம்பியது. சைலன்சர் யோசனையை அவர் கைவிட்டார். செலவு, பத்து டாலர் அளவில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று. அதுவும் சங்கத்துடையது.

கார்புரேட்டர் பற்றி ஒன்டாரியோக் குளிர்காலத்தைத்தான் குறைசொல்ல வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் மிதவைக் கிண்ணத்தில் மாதக்கணக்கில் நின்று பிசினாகிறது. அது முதலில் அடைப்பது பைலட் ஜெட்டை, அதாவது ஐடிலில் பெட்ரோல் விடும் சிறு துளைத் திருகை. சோக் இழுத்தால் மட்டும் ஓடுவதும், ஐடிலில் ஏறி இறங்குவதும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிப்பதும் அதன் அடையாளங்கள். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பிழையை விட்டு எடுத்தால் போதும். ஊசியாலோ துரப்பணத்தாலோ குடைந்தால் துளை பெரிதாகிவிடும். பிறகு புதிய ஜெட்தான். நவம்பரில் வண்டியை மூடிவைக்குமுன் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து காலிசெய்தால் இந்த வேலை முழுவதும் மிச்சம். எத்தனை முறை சொன்னாலும் வசந்தத்தில் அதே கூட்டம் அதே ஜெட்டோடு வருகிறது.

இவையெல்லாம் முடிந்தபின் வாங்கத் தகுந்தது எது என்று கேட்டவர்களுக்கு நான் முதலில் சொன்னது முன் ஸ்ப்ராக்கெட், அதாவது சங்கிலியை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரம். 400 இ.எக்ஸ்.ஸில் முன்னால் 15 பல், பின்னால் 38. முன்னால் 14 போட்டால் கியர் விகிதம் ஏறக்குறைய 7 சதவீதம் தாழ்கிறது. அதே விளைவைப் பின்னால் பெற மூன்று பல் அளவுக்குக் கூட்ட வேண்டும். செலவும் உழைப்பும் அதிகம். ஹாலிபர்ட்டன் பக்கத்துப் பாறை ஏற்றங்களில் கிளட்ச்சைத் தேய்க்காமல் மெதுவாக ஏற இந்த ஒரு பல் போதுமானது. உச்ச வேகம் அதே அளவு குறையும். காட்டுக்குள் அந்த வேகத்தில் யாருக்கும் வேலையில்லை.

ஸ்போர்ட்ஸ்மேன் வைத்திருப்பவர்களுக்கு ஸ்ப்ராக்கெட் கணக்கு இல்லை. பெல்ட்டும் கிளட்ச்சும்தான். 25 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 27 போட்டால் விட்டம் 8 சதவீதம் கூடுகிறது. தோற்றம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அந்த அளவுக்கு உயர்ந்த கியரில் இழுக்க நேர்ந்து, பெல்ட் வழுக்கிச் சூடேறுகிறது. டயரை மாற்றாமல், கிளட்ச் உறையைத் திறந்து பெல்ட் தூசியை ஊதி, பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்குகின்றனவா என்று பார்ப்பதும், சேற்றிலும் பாறையிலும் தாழ்கியரில் ஓட்டுவதும் செலவில்லாத மருந்து.

டயர் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார் கேஜ் இந்தத் தாழ்ந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. ஐந்து பி.எஸ்.ஐ. அளவில் ஓடும் டயர்களில் இடதுக்கும் வலதுக்கும் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. வண்டி ஒருபக்கம் இழுப்பதாகச் சொன்ன ஒருவருக்கு அதுதான் காரணம். அவர் முன்னச்சு முழுவதையும் பிரிக்கத் தயாராக வந்திருந்தார். ஆயிலில் நனைந்த கிளட்ச் உள்ள வண்டிகளில் அத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்.ஏ. தரமுத்திரையுள்ள மோட்டார் சைக்கிள் ஆயிலையே ஊற்றுங்கள். உராய்வு குறைக்கும் கலவை சேர்ந்த கார் ஆயில் மலிவுதான்; கிளட்ச் வழுக்கும். 400 இ.எக்ஸ்.ஸில் ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், எஞ்சினைச் சூடேற்றி, சில நிமிடம் ஐடிலில் விட்டபின்தான் அளவு பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்துக் குறைவு என்று ஊற்றியவர்களின் ஏர் பாக்ஸில், அதாவது ஃபில்டர் இருக்கும் பெட்டியில், ஆயில் நிற்பதைக் கண்டோம்.

இனி, ஆண்டின் ஒரே சர்ச்சை. சைலன்சர்களை மொத்தமாக வாங்கி விலைக்கழிவு பெறலாம் என்று சில உறுப்பினர்கள் எழுத்தில் கேட்டனர். செயற்குழு மறுத்தது. சைலன்சரை மட்டும் மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் ஓசை. காற்று அதிகம் போகும், அதற்கேற்ற பெட்ரோல் போகாது. கலவை வறண்டு, காற்றால் குளிரும் எஞ்சின் சூடேறும். முழு வேகத்தில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, பிளக்கின் நிறம் வெளுத்திருக்கிறதா, இளம் பழுப்பா என்று பார்த்துச் சரிசெய்தால்தான் கணக்கு நேராகும். மறுப்பை எதிர்த்த உறுப்பினரின் வாதத்தையும் பதிவு செய்கிறேன்: ஏர் பாக்ஸ் மூடியைத் திறந்து, ஜெட்டும் மாற்றுபவருக்குச் சைலன்சரால் பயன் உண்டு, எடையும் குறையும். அது உண்மை. ஆனால் நம் பாதைகளில் சில தனியார் நிலத்தின் ஓரமாகப் போகின்றன. ஓசை கேட்டு நிலக்காரர் வாயிற்கதவைப் பூட்டினால் எந்த ஜெட்டாலும் அதைத் திறக்க முடியாது. உள்ளே பொறி தடுக்கும் வலையில்லாத சைலன்சர்களோடு வறண்ட காட்டுக்குள் வருவதைச் சங்கம் அனுமதிக்காது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பட்டறைக்கு வாங்கியவை ஃபீலர் கேஜ்கள், தாழ்அழுத்த டயர் கேஜ், ஜெட் பெட்டி, திருகுகளைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்ச்சை இலையுதிர் காலத்தில் இரவல் கொண்டுபோனவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார் என்று நம்புகிறேன். பெயர் சொல்லவில்லை, இடைவேளையில் என் மேசைமீது வைத்துவிட்டால் போதும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு முன்மொழிவுகளை வைக்கிறது. பட்டறை நாளை வசந்தத்திலிருந்து நவம்பர் முதல் வாரத்துக்கு மாற்றி, வண்டிகளைக் குளிர்காலத்துக்கு மூடிவைக்கும் வேலையையும் அன்றே செய்வது ஒன்று. இலக்கத்தகடு, காப்புறுதி, தலைக்கவசம் ஆகியவற்றோடு, மணிக்கட்டில் கட்டும் எஞ்சின் நிறுத்துக் கயிறும் இருந்தால்தான் குழு ஓட்டத்தில் சேர்ப்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொண்டு, அறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்