நல்லவனான பிறகு வா என்று அவர் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

சென்ற இதழில் நல்நடத்தை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பொய் சொல்லாதே, லஞ்சம் வாங்காதே, வீட்டில் கை ஓங்காதே என்று அதில் எழுதியிருந்த எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இப்படியெல்லாம் நடந்தால்தான் ஆண்டவர் நம்மை நீதிமானாக ஏற்றுக்கொள்வார் என்று கட்டுரை முடிகிறதே, அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த நினைப்பு ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தவன் நான்.

என் அப்பா பனையேறி. தேரிக்காட்டு ஓரத்து ஊர். அப்பா குடிப்பார், வீடே நடுங்கும் அளவுக்குக் குடிப்பார். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் நிறுத்தினார். அதற்கப்புறம் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவார். கதவை ஒட்டிய கடைசி பெஞ்சுதான் அவர் இடம். இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனையில் வரிசை வரிசையாக ஜனங்கள் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவர் மட்டும் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார். வேப்பமரத்தடியில் நின்று செருப்பில் ஒட்டிய செம்மணலைத் தட்டிக்கொண்டிருப்பார். ஆசீர்வாதம் சொல்லும் நேரத்துக்கு உள்ளே வந்துவிடுவார். அம்மா கேட்டால், "இன்னுங் கொஞ்ச நாள் போவட்டும், நான் சரியாயிக்கிடுதேன்" என்பார். இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

எங்கள் சேகரத்துக்கு, அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டத்துக்கு, மாற்றலாகி வந்த ஐயர் ஒருவர் இதைக் கவனித்திருக்கிறார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஒரு நாள் மத்தியானம் கருப்பட்டி காய்ச்சுகிற குடிசைக்கே, எங்கள் விடிலிக்கே, வந்துவிட்டார். அம்மா பதநீரைக் கிண்டிக்கொண்டிருந்தாள், நான் அடுப்புக்கு ஓலை தள்ளிக்கொண்டிருந்தேன். ஐயர் அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சரியாவதற்கு எத்தனை வருசம் வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டார். "பத்து வருசமாவது ஆவட்டும் ஐயா" என்றார் அப்பா. "சரி. பதினோராவது வருசம், நான் சுத்தமாயிட்டேன்னு சொல்லிக்கிட்டா கைய நீட்டுவீய?" அப்பா பதில் பேசவில்லை. பாகு பொங்கி வந்ததைக்கூட அம்மா கவனிக்கவில்லை.

அப்புறம் ஐயர் லூக்கா 18-ஆம் அதிகாரத்தைச் சொன்னார். வேதச் சட்டத்தைக் கறாராகக் கைக்கொள்ளும் பரிசேயனும், ஜனங்கள் பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவனான ஆயக்காரனும் ஜெபம் பண்ணப்போன கதைதான். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து கேட்டதுதான். ஆனால் அவர் சொன்ன ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பரிசேயன் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், தசமபாகம் கொடுத்தான், எல்லாம் நிஜம். நம் கட்டுரையாளரின் அளவுகோலில் அவன்தான் முதல் மார்க். ஆயக்காரனிடம் காட்டுவதற்கு ஒரு நற்கிரியையும் இல்லை. தூரத்திலே நின்று, மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்றான். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பிப்போனது அவன்தான் என்கிறார் இயேசு. அன்றைக்கே போனான். ஒரு வருஷம் ஒழுங்காக நடந்து காட்டிய பிறகு அல்ல.

இதில் நம் மொழியும் கொஞ்சம் குறுக்கே நிற்கிறது என்று நினைக்கிறேன். நீதி என்றால் நமக்கு நீதிநூல், நீதிமன்றம். நீதிமான் என்றால் ஒழுக்கமாக நடப்பவர். ஆனால் அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில், முற்பிதாவாகிய ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக "எண்ணப்பட்டது" என்கிறார். அந்த "எண்ணப்படுதல்" கிரேக்க மூலத்தில் கணக்கு எழுதுகிறவர்களின் சொல். அந்த ஒரே அதிகாரத்தில் 11 முறை வருகிறது. நான் 28 வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன், எனக்கு இது சட்டென்று பிடிபடும். கவுண்டரில் பணம் கட்டுவது யாராக இருந்தாலும், செலானில் யார் கணக்கு நம்பர் இருக்கிறதோ அவர் பாஸ்புக்கில்தான் வரவு விழும். நீ சம்பாதித்ததா என்று நாங்கள் கேட்டதில்லை. ஆனால் கட்டியவர் கையிலிருந்து அந்தப் பணம் நிஜமாகவே போயிருக்கும். சிலுவையை நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். நமக்கு இலவசம், அவருக்கு இலவசமில்லை.

ஆபிரகாம் விஷயத்தில் பவுல் வயதுக் கணக்கே பார்க்கிறார் என்று சொல்லலாம். அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார் என்பது ஆதியாகமம் 15-இல் வருகிறது. உடன்படிக்கையின் அடையாளமாக நுனித்தோலை நீக்குகிற விருத்தசேதனம் 17-இல்தான், அப்போது அவனுக்கு வயது 99. இடையில் அவன் மகன் இஸ்மவேல் பிறக்கும்போது வயது 86. அப்படியானால் அவன் எந்த நியமத்தையும் நிறைவேற்றுவதற்குக் குறைந்தது 13 வருஷம் முன்பே நீதி அவன் பெயரில் வரவாகிவிட்டது.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் சோம்பேறிகளுக்குச் சாக்கு தேடிக் கொடுத்தவர் அல்ல. 1505-இல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்து உபவாசம், கண்விழிப்பு, மணிக்கணக்கான பாவ அறிக்கை என்று நல்நடத்தையின் உச்சிவரை ஏறிப்பார்த்தவர். "தேவநீதி" என்ற வார்த்தையையே வெறுத்தேன், அது பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே நினைத்திருந்தேன் என்று 1545-இல், சாவதற்கு முந்தின வருஷம், எழுதிவைத்திருக்கிறார். விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான் என்ற ரோமர் 1:17-ஐ இரவும் பகலும் தியானித்தபோதுதான், அது தேவன் கொடுக்கிற நீதி என்று அவருக்கு விளங்கியது. இது புராட்டஸ்டன்ட்காரர்களின் தனிச்சரக்கும் அல்ல. 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் உலக லுத்தரன் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடம் உள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்தே அறிக்கையிட்டிருக்கின்றன. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா? பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். ரோமர் 6-இல் "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் அடிக்கிறார். யாக்கோபு தன் நிருபத்தில் சொல்வதும் எனக்குத் தெரியும்; கிரியையில்லாத விசுவாசம் செத்தது. ஆனால் அவர் அங்கே சாடுவது, பிசாசுகளுக்கும் இருக்கிற வெறும் ஒப்புதலை. எபேசியர் 2-இல் கிரியைகளினால் அல்ல என்று 9-ஆம் வசனம் சொன்ன கையோடு, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10-ஆம் வசனம் வருகிறது. எது முன்னால், எது பின்னால் என்பதுதான் கேள்வி. கட்டுரையாளர் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

அப்பா அடுத்த திருவிருந்துக்குப் போனார். நம் ஆராதனை முறைமையில், பந்திக்குப் போகும் முன் ஒரு ஜெபம் உண்டு. எங்கள் சொந்த நீதியை நம்பி அல்ல, உம்முடைய இரக்கங்களை நம்பியே வருகிறோம் என்பது அதன் பொருள். எத்தனையோ தடவை வாயால் சொல்லிவிட்டு அவர் வெளியே போயிருக்கிறார். அன்றைக்கு அந்த ஜெபத்தில் அவர் குரல் கடைசி பெஞ்சிலிருந்து எனக்குத் தனியாகக் கேட்டது. போய் முழங்கால் போட்டு, காய்ப்பு ஏறிய இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டினார். கை நடுங்கியது. ஐயர் அப்பத்தை வைத்துவிட்டு, ஒரு நொடி தன் கையால் அவர் கையை மூடிப் பிடித்தார்.

அதற்குப் பிறகுதான் அப்பாவிடம் நிஜமான மாற்றத்தைப் பார்த்தேன். அந்த ஆறு வருஷமும், குடித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் "இவன்லாம் தேறமாட்டான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. தெருவில் விழுந்து கிடந்தவரைத் தூக்கிக் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டுவிட்டு வருவார். அவர்களில் ஒருவரைக் கையோடு கோயிலுக்கும் கூட்டிவந்து, தன் கடைசி பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இதழ் எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு வருகிறது. சென்ற இதழைப் படித்துவிட்டு, வரும் திருவிருந்தில் வெளியே போய் நிற்கலாம் என்று யாராவது முடிவு செய்திருக்கலாம். அந்தத் திருவிருந்துக்கு முன் வருகிற இதழிலேயே, பெரிய கட்டுரையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரோமர் 4:5-ஐ முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். பாவியை நீதிமானாக்குகிறவர் என்று அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர்,
தூத்துக்குடி மாவட்டம்.