கழிப்பறைக்குப் போகும் வழியில் ஆன் கல்வெல்லோ

மதிப்பிற்குரிய கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினேன், பதில் இல்லை. சரி, எந்த மொழியில் எழுதினாலும் பதில் வரப்போவதில்லை என்றால் எனக்குக் கைவந்த மொழியிலேயே எழுதிவிடுகிறேன். நாலு பேராவது படிப்பார்கள்.

சான் பிரான்சிஸ்கோ வட்டார விளையாட்டு வரலாறு என்று நீங்கள் வைத்திருக்கும் கண்காட்சிக்குப் போன மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டியை அழைத்து வந்தேன். வயது 84, சக்கர நாற்காலி. கெசார் பெவிலியன் அரங்கில் பே பாம்பர்ஸ் அணி ரோலர் டெர்பி (சக்கரக் காலணியில் தடத்தைச் சுற்றி ஓடி, முட்டி மோதிப் புள்ளி எடுக்கும் ஆட்டம்) ஆடிய காலத்தில் ஓர் ஆட்டத்தையும் விடாதவர். அன்று அவர் வந்தது ஒரே ஒருவரைப் பார்க்க: பாம்பர்ஸை எதிர்த்து ஆடி வசவு வாங்கிய வில்லி, ஆன் கல்வெல்லோ.

முன் சுவரில் ஜோன் வெஸ்டன் ஆளுயரப் படத்தில் சிரிக்கிறார். அவர் பாம்பர்ஸ் அணியின் நாயகி, அந்த இடம் அவருக்குத் தகும். அதே அணியின் சார்லி ஓ'கானல் இருக்கிறார். 1935இல் சிகாகோவில் இந்த ஆட்டத்தைத் தொடங்கிய லியோ செல்ட்சர் இருக்கிறார். கல்வெல்லோவைக் காணோம். கூடத்தை மூன்று முறை சுற்றினோம். கடைசியில் பாட்டி கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. போகும் வழியில், தீயணைப்புக் கருவிக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு படம். கீழே பெயர்கூட இல்லை, 'எதிரணி வீராங்கனை' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். நாற்காலியிலிருந்து பார்த்தால் படக் கண்ணாடியில் மேல்விளக்குதான் தெரிகிறது. பாட்டி கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. கைபேசியில் படமெடுத்துக் காட்டலாம் என்று நீட்டினேன். எங்கிருந்தோ உங்கள் காவலர் வந்து, படமெடுக்கக் கூடாது என்றார். அந்த மூலைக்கும் காவல் போட்டிருக்கிறீர்களே, அதுவரை சந்தோஷம்.

பதினைந்து வருடம் தொண்டை கிழிய இவளைத் திட்டியிருக்கிறேன், பெயரையாவது போட்டிருக்கலாம் என்றார் பாட்டி. வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

என் வேண்டுகோள் பெரிதல்ல. அந்தப் படத்தை முன் சுவருக்குக் கொண்டு வாருங்கள். கீழே பெயரைப் போடுங்கள்.

அவர் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1940களில் சக்கரக் காலணி மாட்டியவர், எழுபதை எட்டிய பிறகும் கழற்றவில்லை. 10 தடவைக்கு மேல் மூக்கு உடைந்தது. 'வாழைப்பழ மூக்கு' என்று அரங்கமே கத்தும்போது, இன்னும் கத்து என்பதுபோல் நிமிர்ந்து நின்றவர். பாம்பர்ஸ் அணிக்கே ஆடியவர்தான், அப்புறம் அதை எதிர்த்து வந்து வசவு வாங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி நிலையங்களில் இந்த ஆட்டம் ஓடியதே, ஜனங்கள் வெறும் புள்ளிக்கணக்கைப் பார்க்கவா உட்கார்ந்தார்கள்? கல்வெல்லோ முழங்கையை ஓங்கினால்தானே வெஸ்டன் நாயகி! எங்கள் பக்கம் தெருக்கூத்தில் துரியோதனன் வேடத்தைத் தேர்ந்த ஆட்டக்காரருக்குத்தான் கொடுப்பார்கள். அந்த வேடக்காரரைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவைத்த ஊரை நான் கண்டதில்லை.

ஆணும் பெண்ணும் ஒரே விதியில், ஒரே தடத்தில் மாறி மாறி ஆடி, இருவர் எடுத்த புள்ளிகளும் ஒரே கணக்கில் சேர்ந்த ஆட்டம் அது. அதில் இத்தனை வருடம் உடம்பைக் கொடுத்தவர், கடைசிக் காலத்தில் மளிகைக்கடையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தார். 2006இல், 76 வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் உங்கள் வாசல் கடையில் 30 டாலருக்கு ஒரு பொம்மை விற்கிறீர்கள்: பச்சை முடி, வெயிலில் கறுத்த தோல், காலில் சக்கரம். அது யாருடைய தலை? முடிக்கு விலை உண்டு, பெயருக்கு இடமில்லையா? வாகனம் நிறுத்தக் கட்டணம் வாங்குகிறீர்களே, அதிலாவது ஒரு பெயர்ப்பலகை எழுத...

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். தயவுசெய்து படத்தை முன் சுவரில், வெஸ்டனுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். 'ஆன் கல்வெல்லோ' என்று பெயர் போடுங்கள். 'வில்லி' என்றும் சேர்த்தே போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாட்டும்போது ஆணியைக் கொஞ்சம் தாழ அடிக்கச் சொல்லுங்கள். இன்னொரு முறை அழைத்து வருவதாகப் பாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். நுழைவுச்சீட்டு இந்த முறையும் காசு கொடுத்தே வாங்குவோம்.

இப்படிக்கு,
டேலி சிட்டியிலிருந்து ஒரு பார்வையாளர்