கழுவிவிட்டால் தீர்ந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாளையாறு வழியாகக் கொச்சிக்குப் பல வருஷம் டேங்கர் லாரி ஓட்டிவிட்டு, இப்போது கஞ்சிக்கோட்டில் வீட்டோடு இருக்கிறேன். போன வருஷம் எங்கள் பக்கம் ஒரு டேங்கர் சாலையோரம் சாய்ந்தது. பின்பலகையில் 1789 என்ற எண். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று பார்த்ததுமே தெரிந்தது. நல்ல வேளை, ஆளுக்குச் சேதமில்லை. கிளம்பிய புகையை அடக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், பீய்ச்சத்தான் வேண்டும். ஆனால் ஓடை வாயை யாரும் அடைக்கவில்லை. அத்தனை தண்ணீரும் கோரையாற்றில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் கெண்டையும் கெளுத்தியும் மிதந்தன. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பே தெரியவில்லை, கோழை மூடிக்கிடந்தது. அமிலம் பட்டால் செவுள் கோழையைச் சுரக்கும். கடைசியில் அதுவே மூச்சை அடைத்துவிடும்.

கொஞ்ச நாளில் மேலிருந்து கெண்டைக் குஞ்சுகள் இறங்கின. ஆறு தேறிவிட்டது என்று ஊரே மறந்துவிட்டது. வீச்சுவலை போடும் என் மச்சினன் மட்டும் ஒப்பவில்லை. தண்ணீருக்குள் கிடந்த கல்லைப் புரட்டிக் காட்டினான். தும்பிப் புழு, மணலைக் கோத்துக் கூடு கட்டும் புழு, குட்டி நத்தை எல்லாம் ஒட்டிக்கிடக்கும் இடம் அது. வெறும் கல்தான் இருந்தது. வந்த மீன் எதைத் தின்னும்? தும்பியாவது பறந்து வந்து முட்டையிடும், சரி. நத்தையும் மட்டியும் பறந்தா வரும்?

1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசல் நகரருகே ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயணைக்க அடித்த தண்ணீர்தான் பூச்சிமருந்தை ரைன் ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்குகள் செத்தன, ஒன்றரை லட்சம் இருக்கும் என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தொட்டி கட்டினார்கள்.

இங்கே தொட்டிகூட வேண்டாம். வாளையாற்றிலிருந்து பாலக்காடு வரை ஓடைப் பாலங்களுக்குப் பக்கத்தில் மணல் மூட்டை அடுக்கிவைத்தால் போதும். முதலில் ஓடையை அடைக்கட்டும், அப்புறம் தேங்கியதில் அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பைப் போடட்டும். அந்தச் சுண்ணாம்பும் அளவு மீறி ஆற்றில் இறங்கினால் மீனுக்கு எமன்தான். சோதிக்க வரும் அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனால் போதாது. அமிலம் அதற்குள் கல்பாத்தியைத் தாண்டிப் போயிருக்கும். அவர்கள் கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும், ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவையும். விபத்து நடக்காத இந்தச் சமயத்திலேயே ஒருமுறை பார்த்து எழுதிவைத்தால், பிறகு ஒப்பிட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டேங்கர் ஓட்டுநர்,
கஞ்சிக்கோடு, பாலக்காடு மாவட்டம்