ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊருக்குக் காரில் புறப்படும் தமிழ்க் குடும்பங்களில், அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்பவர்களைக் கோடைதோறும் பார்த்து வருகிறேன். இந்தக் கோடையில் மனைவி, குழந்தைகளோடு நானும் அப்படி நிற்க நேர்ந்தது. நாங்கள் பட்ட பாடு மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய மூன்று மாதங்களாக ரிசர்வ் டேங்கில் வாரத்துக்கு ஒரு விரற்கடை கூலண்ட் (என்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) குறைந்துகொண்டே வந்தது. வண்டி நிற்கும் இடத்திலோ ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. வழக்கமாகப் போகும் பட்டறையில் ஒரு சோதனையும் செய்யாமல், ரேடியேட்டர் பழசாகிவிட்டது என்று சொல்லிப் புதியதை மாட்டி, ஒன்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அப்புறமும் குறைந்தது. மறுபடி போய்க் கேட்டதற்கு, "தண்ணி ஊத்திக்கிட்டு ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். நானும் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டினேன்.

அது எத்தனை பெரிய தவறு என்பது பிறகுதான் புரிந்தது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதாலும், கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் கலந்திருப்பதாலும்தான் கொதிநிலை 120 டிகிரிக்கு மேல் போகிறது. கசிவு இருந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கிளைக்காலும் நீர்த்துப்போகும். போர்வெல் தண்ணீராக இருந்துவிட்டால் உப்பு வேறு படியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூலண்ட் மிகவும் இறங்கிவிட்டால், சூட்டை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்காமல் போவதால், ஓட்டுநருக்கு முன்னால் சூட்டைக் காட்டும் முள் ஏறாமலேயே இருக்கக்கூடும். அத்திப்பள்ளியில் எங்கள் வண்டியிலிருந்து ஆவி கிளம்பும்வரை முள் நடுவிலேயே நின்றது.

பெங்களூர் திரும்பியதும் ஜே.சி. சாலைக்கு அருகே, ஒரு சந்தில் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவரிடம் வண்டியை விட்டேன். என்ஜின் நன்றாக ஆறும்வரை அவர் மூடியில் கையே வைக்கவில்லை. பிறகு மூடி இருந்த இடத்தில் அழுத்தம் காட்டும் முள்ளோடு கூடிய ஒரு கைப்பம்பைப் பொருத்தி, 1 பார் வரை அழுத்தம் ஏற்றிவிட்டு, "பத்து நிமிஷம் பொறுங்க" என்றார். முள் மெல்ல இறங்கி 0.7-இல் நின்றது. உடனே டார்ச்சையும், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறிய கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு என்ஜினுக்கு அடியில் குனிந்தவர், கூலண்டைச் சுழல வைக்கும் வாட்டர் பம்பின் கீழ்ப்பகுதியில் கடலை அளவுத் துளை ஒன்றைக் காட்டினார். அதைச் சுற்றி வெளிர்பச்சையாக உப்புப் பூத்ததுபோல் காய்ந்து ஒட்டியிருந்தது. பம்பின் சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்காகவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்களாம். வெளியே வந்த கூலண்ட் சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிட்டதால்தான் தரையில் ஈரமே தெரியவில்லை. பம்பை மாற்றி இரண்டு மாதமாகிறது. டேங்கில் நான் போட்ட பேனாக் கோட்டிலிருந்து அளவு இறங்கவில்லை.

எல்லா வண்டியிலும் பம்புதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஹோஸ் முனையில் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். காருக்குள் இனிப்பு வாடை அடித்து, காலடிக் கம்பளம் நனைந்தால், கூலண்ட் ஓடும் ஹீட்டரைப் பார்க்க வேண்டும். சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வந்தால், என்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நிறமற்ற தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பச்சையாகவோ ரோஸ் நிறமாகவோ தேங்கினால் அதை உடனே கழுவிவிடுங்கள்; கூலண்ட் இனிக்கும் நஞ்சு, தெருநாய்கள் நக்கினால் செத்துப்போகும்.

பட்டறை நடத்துவோரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: கூலண்ட் குறைகிறது என்று யார் வந்தாலும், பாகங்களைக் கழற்றுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்து, எவ்வளவு ஏற்றினீர்கள், எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது, எந்த இடத்தில் கசிந்தது என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.